மூன்றாவது வரியில் நின்ற பிள்ளை

போன வருடம் ஆனி மாதம், ஒரு வியாழக்கிழமை காலை. கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தின் மூன்றாம் மாடியில், உயர்தர வர்த்தகப் பிரிவு மாணவர்கள் முப்பத்தெட்டுப் பேருக்கு முன்னால் நான் நின்றேன். பணத்தை எப்படிக் கையாளுவது என்று சொல்லிக்கொடுக்க என்னை அழைத்திருந்தார்கள். அழைத்ததில் ஒரு பிழையும் இல்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் படித்தது ஆறாம் வகுப்பு வரை. பதினாலு வயதில் யாழ்ப்பாணத்தில் இருந்து ரயிலில் வந்து கோட்டையில் இறங்கினேன். புறக்கோட்டையில் ஒரு இரும்புக் கடையில் ஆணி நிறுத்துப் போட்டேன். இன்றைக்கு வெள்ளவத்தையில் காலி வீதியைப் பார்த்தபடி எனக்கு இரண்டு கடைகள். குழாய், வொஷ் பேசின், டைல்ஸ், குளியலறைச் சாமான் எல்லாம் விற்கிறேன். தெஹிவளையில் இருந்து பம்பலப்பிட்டி வரை புதிதாக எழும்பிய மாடிக் கட்டடங்களில் பாதியில் தண்ணீர் வருவது என்னுடைய குழாயால்தான் என்று சொல்வேன். பாதி என்பது கொஞ்சம் கூட. ஆனால் கனக்கக் கூட இல்லை.

அந்தப் பள்ளிக்கூடத்து வர்த்தக ஆசிரியை ஒரு நாள் கடைக்கு வந்திருந்தார். அவருடைய கணவர் ஒரு விலை கூடிய ஷவரைத் தவணைக்கு எடுக்க நின்றார். நான் அவருக்கு அந்தத் தவணையை வாயாலேயே கூட்டிக் காட்டி, விலை குறைந்ததைக் காசுக்குக் கொடுத்து அனுப்பினேன். எனக்கு அதில் இலாபம் குறைவு. ஆனால் அந்த மனிசன் இன்றுவரை என் வாடிக்கையாளர். ஆசிரியை போகும்போது, தங்கள் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு முறை வெளியாள் ஒருவரைக் கொண்டு பணம் பற்றிப் பேசுவிப்பதாகவும், போன மாதம் வந்த வங்கிக்காரர் திரையில் படம் காட்டியதில் பாதிப் பேர் நித்திரையாகி விட்டதாகவும் சொன்னார். நீங்கள் வந்து கதையுங்கோ என்றார். நான் யோசிக்கவே இல்லை.

அதே கிழமை என் தலையில் இன்னொரு விஷயமும் இருந்தது. என் மகள் கட்டிப் போனதும் கொட்டாஞ்சேனைக்குத்தான். நாங்கள் சைவம், அவர்கள் வேதக்காரர், சேர்ச்சுக்குப் போகிறவர்கள். பிள்ளைகள் விரும்பிச் செய்த கலியாணம். அதனால் இரண்டு பக்கமும் மரியாதையைக் கொஞ்சம் கூட்டியே பார்ப்போம். மகளின் மாமனார், என் சம்பந்தி, துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்து, இப்போது சொந்தமாகச் சாமான் ஏற்றும் தொழில் செய்கிறவர். இரண்டு லொறி லீசிங்கில் எடுக்கப் போனார். நிதிக் கம்பனி பிணைக்கு இரண்டு பேரைக் கேட்டது. ஒருவர் அவருடைய தங்கச்சி மகன், கனடா விசாவுக்குப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர். மற்றவர் நான். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பொரளையில் இருக்கும் கம்பனி அலுவலகத்தில் கையெழுத்து. அதாவது நான் பள்ளிக்கூடத்தில் பேசிய அடுத்த நாள்.

சம்பந்தி அந்தக் கடதாசியின் பிரதி ஒன்றைத் திங்கட்கிழமையே கடையில் தந்துவிட்டுப் போனார். சும்மா பார்த்து வையுங்கோ என்றார். நான் அதை மேசை லாச்சிக்குள் போட்டேன். சம்பந்தி கேட்டதற்கு நான் தயங்கினால் என் மகள் அந்த வீட்டில் எந்த முகத்தோடு சோறு போடுவாள்? கையெழுத்து வைத்து ஏதாவது பிழைத்தால், ஐம்பத்தைந்து வருடத்து உழைப்பான என் கடை போய்விடும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தேன். மகள்தான் பாரமாக இருந்தாள். கையெழுத்து வைப்பது என்று முடிவெடுத்துவிட்டேன்.

லாச்சிக்குள் போட்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்தக் கடதாசி இங்கிலீஷில் இருந்தது. எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

இதை என் மனைவியைத் தவிர ஒருவருக்கும் தெரியவிடாமல் வைத்திருந்தேன். சிங்களம் நன்றாகக் கதைப்பேன். தமிழ்ப் பேப்பரை முதல் பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரை வாசிப்பேன். இங்கிலீஷில் இலக்கமும் சாமான்களின் பெயரும் தெரியும். கையெழுத்தை மட்டும் இங்கிலீஷில், வால் சுழற்றி, வங்கி மனேஜரே பார்த்து மெச்சும்படி போடுவேன். வங்கியில் கடதாசியை நீட்டினால், கண்ணாடியைக் கொண்டு வரவில்லை, நீங்களே சொல்லுங்கோ என்பேன். அவர்களும் பென்சிலால் புள்ளடி போட்டுத் தருவார்கள். புள்ளடி இருக்கும் இடத்தில் கையெழுத்து வைப்பேன். இப்படியே இரண்டு கடை கட்டியிருக்கிறேன். அது சும்மா ஆள் செய்கிற வேலை இல்லை.

பள்ளிக்கூடத்துக்காக நான் ஒரு யுக்தி யோசித்தேன். முகம் தெரியாதவனுக்குக் கையெழுத்து வைக்காதே என்று வாயால் சொன்னால் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள். அதனால் ஒரு கடதாசியை நீட்டி அவர்களையே கையெழுத்து வைக்கச் செய்து, பிறகு, நீங்கள் இப்போது ஊர் பேர் தெரியாத ஒருவனின் கடனுக்குப் பிணை நின்றுவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும். கடையில் கணக்குப் பார்க்கும் பிள்ளையைக் கூப்பிட்டு, லாச்சியில் இருக்கும் சம்பந்தியின் கடதாசியைப் பார்த்து அதே மாதிரி ஐந்து வரி இங்கிலீஷில் அடிக்கச் சொன்னேன். அவள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஐயா, இது நீங்க சைன் பண்ணப் போறதா?” என்று கேட்டாள்.

ஓம் என்றேன். அவள் வாயைத் திறந்தாள், பிறகு மூடிக்கொண்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. முதலாளியிடம் சொல்லத் துணியாத ஒன்றை அவள் விழுங்கியிருக்கிறாள் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வியாழக்கிழமை வகுப்பு அருமையாகப் போனது. ஒருத்தரும் நித்திரை கொள்ளவில்லை. நொடிக்கு ஒரு துளி சொட்டும் குழாய் விடியும்போது எத்தனை வாளி நிரப்பும் என்று கேட்டு, அவர்கள் தினமும் போடும் டேட்டா கார்டுக் காசை அதோடு பொருத்திக் காட்டினேன். தண்ணீர்க் கட்டணம் பாவித்தால்தான் ஏறும், வட்டி நீங்கள் குறட்டை விட்டாலும் ஏறும் என்றேன். மிச்சம் வந்தால் சேமிப்பேன் என்று சொன்ன எவனிடமும் நான் மிச்சம் பார்த்ததில்லை, சம்பளம் வந்த அன்றே எடுத்து வை என்றேன். ஒரு பெடியன் தவணைக்குப் போன் வாங்கலாமா என்று கேட்டான். அவன் சொன்ன தவணையை மனத்தால் பெருக்கி, நீ வாங்குவது ஒரு போன், கொடுப்பது ஒன்றரைப் போனின் விலை என்றேன். நாலு பேர் கல்குலேட்டரைத் தட்டிப் பார்த்தார்கள். சரியாக வந்தது. வராமல் இருக்குமா?

பிணை நிற்பது பற்றியும் சொன்னேன். இரண்டு பேர் பிணை நின்றால் பாரம் பாதி பாதி, அதுவும் கடன் எடுத்தவனை முதலில் பிடித்து, அவனுடைய சாமானை விற்று, அதற்கும் காணாவிட்டால்தான் எங்களிடம் வருவார்கள், ஆனபடியால் தெரிந்தவனுக்குப் பயமில்லாமல் வைக்கலாம் என்றேன். இதை எனக்கு ஒருத்தரும் சொல்லித்தரவில்லை. நியாயம் அப்படித்தானே இருக்க வேண்டும் என்று நானே வைத்துக்கொண்டது.

பிறகு கடதாசிகளைக் கொடுத்தேன். அடியில் பென்சில் புள்ளடி. கெதியாகக் கையெழுத்து வைக்கிற எல்லாருக்கும் ஒரு பேனை பரிசு என்றேன். ஒரு நிமிடம் ஆகவில்லை, முப்பத்தேழு கடதாசி என் கைக்கு வந்துவிட்டது. பின்னுக்கு இரண்டாவது வாங்கில் இருந்த ஒரு பிள்ளை மட்டும் விரலை வரிக்குக் கீழே வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை, காணி உறுதியே எழுதித் தரச் சொன்னனான்?” என்று கேட்டேன். வகுப்புச் சிரித்தது.

“அங்கிள், அவ வட்ஸ்அப் குறூப்பில சேரவும் ரூல்ஸ் வாசிச்சிட்டுத்தான் சேருவா,” என்று முன்னால் இருந்த பெடியன் சொன்னான். இன்னும் சிரிப்பு.

அவள் சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. கடதாசியோடு எழும்பி என்னிடம் வந்தாள். “மூணாவது லைன் விளங்கல்ல அங்கிள். என்ன சொல்லுதெண்டு சொல்லுவீங்களா?” என்று கேட்டாள்.

ஐம்பது வருடமாக என்னைக் காப்பாற்றிய பதில் தானாக வாயில் வந்தது. கண்ணாடியைக் கொண்டு வரவில்லை என்றேன்.

“பொக்கெட்டில இருக்கு அங்கிள்,” என்றாள். நக்கல் இல்லை. தொலைத்த சாமானைக் கண்டு சொல்வது போல உதவியாகத்தான் சொன்னாள்.

நான் கண்ணாடியை எடுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது? மூன்றாவது வரியைப் பார்த்தேன். எழுத்துகள் பெரிதாகத் தெரிந்தன, அவ்வளவுதான். முப்பத்தெட்டுப் பேரும் ஆசிரியையும் நான் சொல்லப்போவதற்குக் காத்திருந்தார்கள். அந்த நேரம் ஏதாவது ஒரு பொய் சொல்லியிருக்கலாம். வியாபாரிக்குப் பொய் கிடைக்காமல் போகாது. ஆனால் அந்தப் பிள்ளை அதை நம்பி, அதை வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறாள் என்பதை நினைத்தேன். நான் விற்ற குழாய் ஒழுகினால் நானே போய்ப் பார்க்கிறவன்.

“எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது பிள்ளை,” என்றேன்.

ஆசிரியை நிலத்தைப் பார்த்தார். அந்தப் பிள்ளை மட்டும், நேரம் பத்தரை என்று நான் சொன்னதைக் கேட்டது மாதிரித் தலையாட்டினாள்.

“எங்கட அம்மாவுக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அன்ரியோட சேர்ந்து லோனுக்கு சைன் வெச்சாங்க. அன்ரி வீட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க. இப்ப அம்மாதான் கட்டுறாங்க, அவங்கட பங்கையும். அதுக்குப் பிறகு எங்கட வீட்டுக்கு வாற எந்தப் பேப்பரையும் நான் வாசிச்சாத்தான் அம்மா பேனைய எடுப்பாங்க.”

ஆசிரியை கடதாசியை வாங்கினார். அவருக்கும் அந்தச் சொற்கள் உடனே பிடிபடவில்லை. போனில் தேடி, இரண்டு தரம் வாசித்துவிட்டுத் தமிழில் சொன்னார். கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு என்று எழுதியிருக்கிறதாம். எத்தனை பேர் கையெழுத்து வைத்தாலும் பங்கு பிரிப்பதில்லை. யாரைப் பிடிக்க வசதியோ அவர் ஒருவரிடமே முழுக் கடனையும் வாங்கலாம். அதற்கு அடுத்த வரி, கடன் எடுத்தவரிடம் முதலில் போக வேண்டிய தேவையும் இல்லை என்று சொன்னது. கடைசி வரி, கடன் எடுத்தவர் இனிமேல் எடுக்கிற கடன்களுக்கும் இதே கையெழுத்துச் செல்லும் என்றது.

நான் கதிரையில் இருந்தேன். கணக்குப் பிள்ளை இந்த வரிகளைச் சொந்தமாக எழுதவில்லை. அவை சம்பந்தியின் கடதாசியில் இருந்து வந்தவை. யாரைப் பிடிக்க வசதி? சம்பந்தியின் தங்கச்சி மகன் கனடாவில் இருப்பான். சம்பந்தியின் லொறி எந்தத் தெருவில் நிற்குமோ தெரியாது. காலி வீதியில், ஒளிரும் எழுத்தில் பெயர் போட்டு, காலை எட்டரைக்குத் திறந்து வைத்திருக்கிறவன் நான்தான்.

பிள்ளைகளுக்கு அதை மறைக்கவில்லை. நாளைக்கு நான் இதே வரிகளுக்குக் கீழே கையெழுத்து வைக்க இருந்தேன் என்று சொன்னேன். பாதி பாதி என்று சற்று முன் சொன்னது பிழை, அதைக் கொப்பியில் எழுதியவர்கள் வெட்டுங்கோ என்றேன். வெட்டும் சத்தம் கேட்டது. கொண்டுபோன பேனைகளை எல்லாருக்கும் கொடுத்தேன். கையெழுத்து வைக்காதவளுக்கும் கொடுத்தேன். அவள் நன்றி சொல்லிவிட்டு, பேனை எழுதுகிறதா என்று கையில் கீறிப் பார்த்தாள். அதையும் சோதிக்கிறாள்.

அன்று பின்னேரம் சம்பந்திக்குப் போன் எடுக்க மூன்று தரம் நினைத்தேன், எடுக்கவில்லை. போனில் சொல்கிற விஷயம் இல்லை அது.

வெள்ளிக்கிழமை பொரளையில் சம்பந்தி எனக்கு முன்னமே வந்து, வெள்ளைச் சேட்டோடு இருந்தார். எனக்கும் பால் தேத்தண்ணி சொல்லி வைத்திருந்தார். அலுவலர் இளம் ஆள், சிங்களவர், நல்ல மரியாதை. பத்துப் பன்னிரண்டு பக்கத்தை விரித்து, “மெத்தன, மெத்தன” என்று, இங்கே இங்கே எனச் சிங்களத்தில் சொல்லி, புள்ளடி போட்ட இடங்களை விரலால் காட்டினார். நான் பேனையை மேசையில் வைத்தேன். எனக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது, முழுவதையும் வாசித்துத் தமிழில் சொல்ல ஆள் இருந்தால் கூப்பிடுங்கள் என்று சிங்களத்தில் கேட்டேன். இரண்டாம் தரம் சொல்வது முதல் தரத்தை விட இலேசு என்று நினைத்திருந்தேன். இல்லை.

அலுவலர் மணிக்கூட்டைப் பார்த்தார். சம்பந்தி என்னைப் பார்த்தார்.

“என்ன சம்பந்தி, என்னில நம்பிக்கை இல்லையா?”

“உங்களில இருக்கு. எனக்கு வாசிக்கத் தெரியாதெண்டு இவ்வளவு நாளும் உங்களுக்குச் சொல்லாமல் விட்டதுதான் பிழை,” என்றேன்.

உள்ளே இருந்து தமிழ் தெரிந்த ஒரு பெண் வந்தார். வரி வரியாக வாசித்தார், முக்கால் மணித்தியாலம். தேத்தண்ணி ஆடை படிந்து கிடந்தது. ஆசிரியை சொன்ன மூன்றும் அப்படியே இருந்தன. இனிமேல் எடுக்கிற கடன்களுக்கும் என்ற இடத்தில் நான் நிறுத்தி, இதை எடுக்கலாமா, தொகைக்கு ஒரு எல்லை எழுதலாமா என்று கேட்டேன். மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்கள். அப்படியானால் கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள், அதுவரை நான் வைக்கமாட்டேன் என்றேன். சம்பந்தி எழும்பினார். வாறன் என்றுகூடச் சொல்லாமல் வெளியே போய் ஓட்டோவில் ஏறிவிட்டார்.

இரண்டு கிழமை அவரிடம் இருந்து ஒரு கதையும் இல்லை. மகள் போன் எடுத்து, “ஏனப்பா அவரை ஒரு ஒப்பிசில வைச்சு இப்பிடிச் செய்தனீங்கள்? இங்க சாப்பாட்டு மேசையில ஒருத்தரும் கதைக்கிறேல்ல,” என்று அழுதாள். சரியான காரியம் செய்தால் மனம் இலேசாக இருக்கும் என்று சொல்கிறவர்களுக்குச் சம்பந்தி இல்லை போல. எனக்கு இரண்டு கிழமையும் இலேசாக இருக்கவில்லை. இருந்தாலும் நான் செய்ததைத் திருப்பி எடுக்க ஒரு நாளும் நினைக்கவில்லை.

மூன்றாவது கிழமை, சனிக்கிழமை, சம்பந்தி கடைக்கு வந்தார். கதிரையில் இருந்து வொஷ் பேசின்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் போர்ட்டில முப்பது வருஷம் இங்கிலீஷ் பேப்பரோட இருந்தவன்,” என்றார். “இந்தப் பேப்பர நானும் வாசிக்கல்ல சம்பந்தி. வாசிச்சா அந்தக் கம்பனிப் பெடியன் என்ன நினைப்பானோ எண்டு இருந்துட்டன். அண்டைக்கு ஒப்பிசில அந்தப் பிள்ளை வாசிக்கக்கதான் நானும் முதல்தரம் கேட்டன். கோவம் உங்களில இல்ல.”

வீட்டில் மகனோடு, அதாவது என் மருமகனோடு, இருந்து முழுவதையும் வாசித்திருக்கிறார். இரண்டு மாதம் தவணை பிந்தினால் லொறியும் போய், மிச்சக் கடனும் நிற்கும் என்பதைக் கண்டிருக்கிறார். இரண்டு லொறி என்ற எண்ணத்தை விட்டுவிட்டார். நாங்கள் இருவரும் சேர்ந்து கணக்குப் போட்டோம். ஏற்கெனவே ஓடிய பழைய லொறி ஒன்று, சின்னக் கடன். முற்பணத்தில் ஒரு பகுதியை நான் கைமாற்றாகக் கொடுத்தேன். திரும்பி வராவிட்டாலும் என் கடை ஆடாத தொகை அது. பிணையும் நின்றேன், ஆனால் அந்தக் கடனுக்கு மட்டும், இவ்வளவுக்கு மேல் இல்லை என்று தொகை எழுதி. அதை எழுத வைக்க இன்னொரு கம்பனிக்குப் போக வேண்டி வந்தது. லொறி இப்போது ஓடுகிறது. மகள் வீட்டு மேசையில் முந்தியைவிடச் சத்தம்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நான் பிறகும் போனேன். இப்போதும் போகிறேன். ஆசிரியை தமிழில் எழுதித் தந்த ஒரு பிணைக் கடதாசியை வைத்து, வரி வரியாகப் பிள்ளைகளைக் கொண்டே வாசிப்பித்து அர்த்தம் சொல்லுவிக்கிறேன். வங்கிக்காரர் வந்தபோது நித்திரை கொண்ட பிள்ளைகள் என் வகுப்பில் கேள்வி கேட்கிறார்கள் என்று அதிபரே சொன்னார். நான் அதை நாலு பேருக்குச் சொல்லாமல் விடுவேனா?

ஆணி நிறுத்துப் போட்ட நாளில் இருந்து எத்தனையோ வியாபாரம் பழகினேன், எல்லாம் கெதியாகப் பழகினேன். “எனக்கு விளங்கவில்லை, வாசித்துச் சொல்லுங்கோ” என்ற ஒரு வசனத்தைப் பழகத்தான் அறுபத்தொன்பது வயது ஆனது, இன்றைக்கும் அதைச் சொல்லும்போது கை ஒரு தரம் கண்ணாடிப் பொக்கெட்டுக்குப் போகிறது, ஆனாலும் சொல்லி முடித்து, அவர்கள் வாசித்து முடிக்கும்வரை பேனையைத் தொடாமல் இருக்கிறேன்.